உடையாத வரை அது சரக்கு

போகிக்கு முந்தைய வாரம் வீட்டை ஒழித்து வெள்ளையடித்தபோது, சமையலறைப் பரணிலிருந்தும் கொல்லைக் கொட்டகையிலிருந்தும் இறங்கிய கண்ணாடிப் பாட்டில்களையெல்லாம் ஒரு யூரியாச் சாக்கில் போட்டு, நெல் நிறுக்கும் தொங்கு தராசில் மாட்டிப் பார்த்தேன். முள் 21 கிலோவில் நின்றது. மூன்று பேர் மட்டுமே இருக்கும் வீட்டில் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டில் சேர்ந்தது அது. ஊறுகாய் பாட்டில்கள், தேன் பாட்டில்கள், என் மாமியாரின் முழங்கால் வலிக்காக வாங்கிய கஷாயத்தின் பழுப்புப் பாட்டில்கள், பேரப்பிள்ளைகள் வந்து தங்கிய கோடையில் தீர்ந்த ஜாம் பாட்டில்கள், இருமல் மருந்துக் குப்பிகள் என்று அத்தனையும் நானே கடையில் காசு கொடுத்து வாங்கியவைதாம். ஆனாலும் மொத்தமாக ஒரு சாக்கில் தொங்கியபோது யாரோ நம் வீட்டில் கொண்டுவந்து கொட்டியதுபோல் இருந்தது.

எங்கள் ஊர் அரசலாற்றுக்குத் தெற்கே, கும்பகோணத்திலிருந்து நாச்சியார்கோவில் போகும் சாலையை ஒட்டி இருக்கிறது. சாலையோரத்துக் காயலான் கடைக்கு அந்தச் சாக்கை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். கடைக்காரர் என்னிடம் படித்தவர் இல்லை என்றாலும், ஊர் வழக்கப்படி என்னை டீச்சர் என்றுதான் அழைப்பார். தார்ப்பாயில் சாக்கைக் கவிழ்த்து, கண்ணால் பார்ப்பதற்கு முன்பே கையால் பிரிக்கத் தொடங்கிவிட்டார். மது பாட்டில்களும் சோடா பாட்டில்களும் இருந்தால் அவற்றுக்கு எண்ணிக்கைக் கணக்காம். கழுவி மீண்டும் நிரப்ப ஆள் இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. ஊறுகாய், ஜாம் வகையறாவுக்கு எடைக் கணக்கு, கிலோ ஒரு ரூபாய். வழியில் உடைந்துபோன இரண்டு பாட்டில்களின் துண்டுகளை மட்டும் ஒரு காகிதத்தில் சுருட்டி என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"உடையாத வரைக்கும் அது சரக்கு டீச்சர். உடைஞ்சா யாரு கையக் கிழிச்சுக்கிறது?"

எனக்குக் கிடைத்தது 20 ரூபாய். ஆட்டோவுக்குக் கொடுத்தது 60 ரூபாய். இந்தக் கணக்கை என் கணவர் இன்றுவரை விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறார். ஆனால் எனக்குச் சிரிப்பைவிட அந்தக் காயலான் கடைக்காரரின் சொல்தான் மனத்தில் தங்கிவிட்டது. ஏனென்றால், நான் பள்ளியில் முப்பது ஆண்டுகள் வேதியியல் நடத்தியவள். கண்ணாடி ஆலைக்காரருக்கு வேண்டியது உடைந்த கண்ணாடிதான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள். ஆலையில் விலை போகிற பொருள் எங்கள் ஊரில் தீண்ட ஆளில்லாத பொருளாக நிற்கிறது என்றால், இடையில் எங்கோ கயிறு அறுந்திருக்கிறது என்றுதானே பொருள்?

ஆலையில் நடப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாம் அன்றாடம் கையாளும் பாட்டில் கண்ணாடியில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகச் சிலிக்கா மணல் இருக்கிறது. தனி மணலை உருக்க ஏறத்தாழ 1,700 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும் என்பதால், உருகுநிலையைத் தாழ்த்துவதற்குச் சோடா சாம்பலையும், உருவான கண்ணாடி தண்ணீரில் கரைந்துவிடாமல் இருப்பதற்குச் சுண்ணாம்புக்கல்லையும் சேர்க்கிறார்கள். அப்படியும் உலை 1,500 டிகிரிக்கு மேல் எரிய வேண்டும். ஒருமுறை மூட்டிய உலையைப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு இரவு பகலாக அணைக்காமல் வைத்திருப்பார்கள். எரிபொருளின் புகை ஒரு பக்கம் என்றால், சோடா சாம்பலும் சுண்ணாம்புக்கல்லும் கார்பனேட்டுகள் ஆகையால், அவை உலைக்குள் சிதையும்போது தம்முள் பிடித்து வைத்திருந்த கரியமில வாயுவை வெளியே விடுவது இன்னொரு பக்கம். கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு எடுத்தால் சுண்ணாம்பு எடை குறைந்து வரும் என்பதைப் பழைய ஆட்கள் அறிவார்கள். கண்ணாடி உலையிலும் அதே கதைதான். பத்துக் கிலோ புதுக் கண்ணாடி கிடைக்க ஏறத்தாழ பன்னிரண்டு கிலோ மூலப்பொருளைக் கொட்ட வேண்டியிருக்கிறது, குறைகிற எடையின் பெரும்பகுதி வாயுவாகப் புகைபோக்கியில் ஏறிப் போகிறது.

உடைந்த பழைய கண்ணாடியை, அதாவது ஆலைக்காரர்கள் கல்லெட் என்று சொல்லும் துண்டுகளை, அந்தக் கலவையில் சேர்க்கும்போது இரண்டு சிக்கலும் ஒருசேரத் தணிகின்றன. ஏற்கெனவே ஒருமுறை உருகிக் கலந்து முடிந்த பொருள் என்பதால் அது தாழ்ந்த வெப்பத்திலேயே இளகிவிடுகிறது. அதில் இனி வெளியேற வேண்டிய கரியமில வாயுவும் இல்லை. கலவையில் கல்லெட்டின் பங்கு பத்து விழுக்காடு கூடும்போதெல்லாம் உலையின் எரிபொருள் தேவை இரண்டரை முதல் மூன்று விழுக்காடு வரை குறைகிறது. பத்துக் கிலோ பழைய கண்ணாடி போனால் பத்துக் கிலோ புதுக் கண்ணாடியே வருகிறது, எடையில் இழப்பு கிடையாது. எங்கள் பக்கத்து நாச்சியார்கோவில் பட்டறைகளில் பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கிக் குத்துவிளக்கு வார்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் பித்தளையைத் திரும்பத் திரும்ப உருக்கினால் துத்தநாகம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போகும், பார்த்துச் சரிக்கட்ட வேண்டும். காகிதத்தை அரைத்தால் இழை குட்டையாகும். பிளாஸ்டிக்கை உருக்கினால் தரம் இறங்கும். கண்ணாடிக்கு இந்தத் தேய்மானம் எதுவும் இல்லை. நிறம் மட்டும் கலக்கக் கூடாது, ஏனென்றால் பழுப்பும் பச்சையும் கலந்துவிட்ட துண்டுகளிலிருந்து வெள்ளைப் பாட்டில் செய்ய முடியாது.

சரி, என் 21 கிலோ என்னவாயிற்று? பொதுவாக ஒரு டன் பாட்டில் கண்ணாடியை உருக்க 5 ஜிகாஜூல் அளவில் ஆற்றல் செலவாகும் என்று வைத்துக்கொண்டு, அதில் கால் பங்கு மிச்சமாகும் என்று கணக்குப் போட்டால், என் சாக்கு முழுதும் உலை போய்ச் சேர்ந்தாலும் மிச்சமாவது அரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட சமையல் எரிவாயுவுக்குச் சமம். வீட்டுக்கு வரும் சிலிண்டரில் 14.2 கிலோ இருக்கிறது. கார்பனேட்டிலிருந்து வெளியேறாமல் தப்பும் கரியமில வாயு இன்னொரு நான்கு கிலோ வரும். நான் எதிர்பார்த்ததைவிட இது குறைவுதான். ஒரு பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் உலகமே பிழைத்துக்கொள்ளும் என்கிற தொனியில் வரும் வாட்ஸப் செய்திகளை இனி நான் யாருக்கும் அனுப்பப் போவதில்லை. சாக்கு ஒன்றுக்கு அரைக் கிலோ எரிவாயு என்பது ஊருக்கு, மாவட்டத்துக்கு என்று பெருகும்போதுதான் எடை பெறுகிறது.

இன்னொரு நம்பிக்கையையும் இங்கேயே திருத்திவிட வேண்டும். கண்ணாடியை மறுசுழற்சி செய்தால் காவிரி மணலும் கொள்ளிட மணலும் தப்பும் என்று எங்கள் ஊர்க் கூட்டம் ஒன்றில் ஒருவர் உணர்ச்சியோடு பேசினார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஆற்று மணலில் இரும்பும் களிமண்ணும் கலந்திருப்பதால் நல்ல கண்ணாடிக்கு அது உதவாது. மரக்காணம் போன்ற கடலோரப் பகுதிகளில் கிடைக்கும் வெண்மணல் போன்ற தூய சிலிக்காதான் வேண்டும். நம் ஆற்று மணல் போவது கட்டடத்துக்கு. கண்ணாடியைப் பொடித்து மணலுக்குப் பதிலாகக் கான்கிரீட்டில் கலக்கும் முயற்சிகள் உண்டு என்றாலும், சிமெண்டில் உள்ள காரம் கண்ணாடியின் சிலிக்காவோடு வினைபுரிந்து உப்பி வெடிப்பு விடச் செய்யும் ஆபத்து இருப்பதால், கையில் கிடைத்த சில்லுகளை எல்லாம் கலவையில் போட்டுவிட முடியாது.

அப்படியானால் டெல்டாவில் இருக்கும் நாம் எதற்காக இந்தப் பாட்டில்களைப் பிரித்து வைத்து அலைய வேண்டும் என்று கேட்டால், என் பதில் உலையில் இல்லை, வயலில் இருக்கிறது.

சென்ற குறுவையில் எங்கள் தெருக்கோடி வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசை பிடித்துப் பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தார்கள். சேற்று நடவில் செருப்புப் போட முடியாது, குனிந்த முதுகு நிமிராமல் காலால் துழாவித்தான் பின்னால் வைக்க வேண்டும். எனக்கு நன்கு தெரிந்த ஒரு பெண், என்னைவிட ஐந்தாறு வயது இளையவள், திடீரென்று நாற்று முடியை விட்டுவிட்டு ஒற்றைக் காலில் நின்றாள். வரப்புக்கு அவளைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து காலைக் கழுவியபோதுதான் தெரிந்தது, குதிகாலுக்குச் சற்று முன்னால் உள்ளங்கால் வாய் பிளந்த மாதிரி கிழிந்திருந்தது. துண்டு உள்ளே இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுத்துத் தைத்து ஊசி போட்டார்கள், ஐந்து தையல். எடுத்த சில்லை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். கட்டைவிரல் நகத்தளவு, லேசாக வளைந்த வெள்ளைக் கண்ணாடி, ஓரத்தில் திருகு மூடி பிடிக்கும் வரி ஒன்று தெரிந்தது. மதுக் குப்பியாக இருந்திருந்தால் ஊரோடு சேர்ந்து குடிகாரர்களை ஏசிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். அது அகன்ற வாய்ப் பாட்டிலின் கழுத்து. ஊறுகாயோ ஜாமோ, ஏதோ ஒரு வீட்டுச் சமையலறையிலிருந்து புறப்பட்டது.

"கருவ முள்ளுன்னா தச்ச எடம் தெரியும் டீச்சர், புடுங்கிப் போட்டுட்டு நடலாம். இது தண்ணியோட தண்ணியா கெடக்குது, எங்கன்னு பாக்குறது?" என்றாள். நடவுக் காலம் என்பது ஆண்டில் சில வாரங்கள்தான் என்பதையும், அந்தச் சில வாரங்களில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பது அவளுக்கு எவ்வளவு கூலியைத் தின்றிருக்கும் என்பதையும் நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கழுத்து வயலுக்கு வந்த வழியை யோசித்துப் பார்த்தேன். அதில் மர்மம் ஒன்றும் இல்லை. டெல்டாக் கிராமங்களில் வீட்டுக் கொல்லை முடியும் இடத்தில் வாய்க்கால் தொடங்குகிறது. கோடை முழுதும் வறண்டு கிடக்கும் வாய்க்கால் கரைதான் குப்பை மேடு. ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறக்கப்பட்டு, தண்ணீர் கல்லணை தாண்டிக் கிளை கிளையாகப் பிரிந்து கடைமடைக்குள் நுழையும்போது, மூடி போட்ட பாட்டில் மிதந்தும் மூடி இல்லாதது உருண்டும் வருகிறது. மதகு வாயில் ஆகாயத்தாமரையோடு சேர்ந்து அடைத்துக்கொள்கிறது. தண்ணீர் ஏறவில்லையே என்று ஓடிவரும் விவசாயி துறட்டியால் இழுத்துக் கரையில் வீசுகிறார், கல்லில் பட்டு உடைகிறது. அடுத்த ஆண்டு தூர்வாரும் பொக்லைன் அந்தச் சில்லுகளைச் சேற்றோடு அள்ளி வரப்போரம் கொட்டுகிறது. தூர்வாரிய கரை ஓரமாகக் காலை வெயிலில் நடந்து பாருங்கள். காய்ந்த வண்டல் முழுதும் மினுக்கும்.

கண்ணாடி மண்ணை நஞ்சாக்குவதில்லை என்பது உண்மை. பிளாஸ்டிக் பையைப் போல் மாட்டின் வயிற்றில் போய்ச் சுருண்டுகொள்வதில்லை, சாயத்தையோ வேறு நஞ்சையோ நிலத்தடி நீரில் இறக்குவதும் இல்லை. ஆனால் அது மக்குவதும் இல்லை, மழுங்குவதும் இல்லை. கடற்கரையில் அலையும் மணலும் உரசி உரசி மொழுமொழுவென்று ஆன கண்ணாடிக் கற்களை நாகூரிலும் தரங்கம்பாடியிலும் பிள்ளைகள் பொறுக்குவார்கள். எங்கள் களிமண்ணில் அப்படி உரச எதுவும் இல்லை. சித்திரையில் பாளம் பாளமாக வெடிக்கும் நிலத்தில் சில்லு வெடிப்புக்குள் இறங்கிக்கொள்கிறது, உழவு ஓட்டும்போது மேலே வருகிறது, ரோட்டவேட்டர் அதை நாலாகப் பிளந்து நான்கு கால்களுக்குப் பங்கு வைக்கிறது. குப்பைக் கிடங்கில் மக்கும் குப்பையோடு கலந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். அதிலிருந்து வரும் உரத்தை எங்கள் பக்கத்து விவசாயிகள் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கத் தயங்குவதற்கு, அதில் பளபளக்கும் சில்லுகளும் ஒரு காரணம். ஆக ஒரு பாட்டில் தவறான கூடையில் விழுவதால் பாட்டிலோடு சேர்ந்து ஒரு வண்டி எருவும் வீணாகிறது. பச்சைக் கூடை, சிவப்புக் கூடை என்று பிரித்துக் கேட்டு வரும் தூய்மைக் காவலர் பெண்கள் நாம் பிரிக்காததைக் கையால்தான் பிரிக்கிறார்கள் என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் பார்க்கும்போது, உருக்குவதைவிட உடையாமல் சுற்றுவதுதான் மேல் என்ற முடிவுக்கு நான் வந்திருக்கிறேன். இதை நம்மவர்கள் அறியாதவர்கள் இல்லை. கோலி சோடாப் பாட்டிலுக்கு ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்றது 1872இல். கழுத்தில் கோலி அடைக்கும் அந்தப் பாட்டில் குடித்த இடத்திலேயே திரும்பி வைக்கப்பட்டு, கழுவி நிரப்பி, மீண்டும் பெட்டியேறியது. வீட்டுக்கு எடுத்துப் போகிறேன் என்றால் கடைக்காரர் முன்பணம் கேட்பார். ஜெர்மனியில் இன்றும் பீர் பாட்டிலுக்கு 8 சென்ட் முன்பணம் வைத்து, திரும்பி வந்த பாட்டிலைப் பல முறை நிரப்புகிறார்கள். நம் மாநிலத்தில், சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகு, டாஸ்மாக் பாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கிக்கொண்டு காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை 2022இல் நீலகிரியில் தொடங்கியது; பின்னர் எங்கள் அண்டை மாவட்டங்களான திருவாரூருக்கும் நாகைக்கும் வந்தது. குடிப்பழக்கத்தைப் பற்றி எனக்குள்ள கருத்து வேறு; ஆனால் பத்து ரூபாய்க்காக வரப்போரத்துப் பாட்டிலைப் பொறுக்கி எடுத்துப் போக ஒருவர் இருக்கிறார் என்றால், அந்த வரப்பில் நடக்கும் கால்களுக்கு அது நல்லதுதான். ஊறுகாய் பாட்டிலுக்கும் ஐந்து ரூபாய் வைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது. நானே கூட ஆட்டோவுக்குக் கொடுத்த காசை மீட்டிருப்பேன்.

மறுப்பு ஒன்று உண்டு, நியாயமானதும்கூட. காலிப் பாட்டில் என்பது பெரும்பாலும் காற்று. எங்கள் ஊரில் கண்ணாடி உலை கிடையாது. இங்கிருந்து லாரி நிறையக் காற்றை ஏற்றிக்கொண்டு டீசல் எரிப்பதில் மிச்சமாவது என்ன? என் காயலான் கடைக்காரரைக் கேட்டால், மொத்த வியாபாரியின் கிடங்கில் பிரித்து நொறுக்கி, எடையாக்கித்தான் லாரி ஏறும் என்கிறார். நொறுக்க வேண்டிய இடத்தில் நொறுக்கினால் அது கல்லெட். வாய்க்கால் கரையில் நொறுங்கினால் மண் கலந்த, யாருக்கும் வேண்டாத சில்லு. அறுந்த கயிறு இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று இப்போது எனக்குப் படுகிறது.

போகிக்குப் பிறகு வீட்டில் சில பழக்கங்கள் மாறியிருக்கின்றன. தீர்ந்த பாட்டிலை அரிசி களைந்த தண்ணீரில் அலசி, தகர மூடியைக் கழற்றித் தனியே போட்டு, கவிழ்த்து வைக்கிறோம்; எண்ணெயும் புளிப்பும் ஒட்டிய பாட்டிலில் எறும்பும் கரப்பானும் குடியேறுவதாலேயே பலர் அதை அன்றே வெளியே எறிகிறார்கள் என்பது என் அனுபவம். மேல் ஒட்டிய காகிதத்தைச் சுரண்டிக்கொண்டு நேரத்தை வீணாக்குவதில்லை, உலையில் அது எரிந்துபோகும். கவனமாக இருக்க வேண்டியது வேறு இடத்தில். உடைந்த பீங்கான் ஜாடியையும் காபிக் கோப்பையையும் கண்ணாடியோடு சேர்க்கக் கூடாது. பாட்டில் உலையின் வெப்பத்தில் பீங்கான் உருகாமல் கல்லாக நின்று, புதுப் பாட்டிலின் சுவரில் போய் உட்கார்ந்து, அந்த இடத்தில் விரிசல் விடும். சூட்டைத் தாங்கும் மைக்ரோவேவ் கிண்ணம், முகம் பார்க்கும் கண்ணாடி ஆகியவையும் வேறு சாதி. டியூப்லைட்டில் பாதரசம் இருக்கிறது, அதைச் சாக்குப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. என் மருமகளின் வளைகாப்பில் உடைந்த வளையல்களை என்ன செய்வது என்று மாமியார் கேட்டார். அவை கண்ணாடிதான், ஆனால் நிறம் பலவாதலால் பாட்டிலோடு கலக்காமல் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

உடைந்த பாட்டிலுக்கு மட்டும் வழி தெரியாமல் இருந்தது. வெள்ளையடித்தபோது காலியான 20 லிட்டர் பெயிண்ட் டப்பா ஒன்றைக் கழுவிக் காயவைத்து, மூடியோடு கொட்டகையில் வைத்தேன். காயலான் கடையிலிருந்து திரும்பி வந்த அந்தக் காகிதச் சுருள்தான் அதில் முதலில் விழுந்தது. பிறகு தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் விஷயம் கேள்விப்பட்டுத் தங்கள் சில்லுகளையும் கொண்டுவந்து போட்டார்கள். வைகாசியில் தூர்வாரி முடித்த கையோடு, தையல் போட்ட காலோடு இருந்த அதே பெண், வாய்க்கால் கரையில் பொறுக்கியதைப் பழைய சாக்கு ஒன்றில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். அதில் மண்தான் பாதி. குழாயடியில் இருவரும் உட்கார்ந்து, தோட்ட வேலைக் கையுறை மாட்டிக்கொண்டு, சல்லடையில் போட்டு அலசினோம். டப்பா முக்காலுக்கு மேல் ஏறிவிட்டது.

சென்ற வாரம் காயலான் கடைப் பக்கம் போனபோது டப்பா விவரத்தைச் சொன்னேன். கடைக்காரர் சற்று நேரம் தலையைச் சொறிந்தார்.

"மண்ணு இல்லாம, மூடி போட்டு, அப்படியே டப்பாவோட கொண்டாங்க டீச்சர். லோடு போறப்ப ஏத்திவிடுறேன். ஆனா காசு கேக்கக் கூடாது."